ரிசர்வ் சைட்டில் ஆவாரம்பூ

கோயம்புத்தூர்
09-11-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10 மணி
(விசுவாவசு ஆண்டு, ஐப்பசி 23)

என் வாக்கு எந்தப் பக்கம் என்பது

அன்புள்ள மகனுக்கு,

முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வரும் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் குடியிருப்போர் சங்கத்தின் பூங்காக் குழு கூடுகிறது. நம் லேஅவுட்டின் கிழக்கு மூலையில் பொதுப் பயனுக்கென்று ரிசர்வ் சைட்டாக விடப்பட்ட முக்கோண நிலத்தில், இப்போது ஆவாரையும் தும்பையும் நிற்கும் இடத்தில், உன் நிறுவனம் கொடுத்திருக்கும் புல்வெளிப் பூங்காத் திட்டத்தை ஏற்பதா என்பது ஒன்றே அன்றைய கேள்வி. குழுவில் ஒன்பது பேர். நால்வர் ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், நால்வர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் நான். என் வாக்கு, வேண்டாம் என்பது.

இது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நான்கு ஆண்டுகளாகச் சரவணம்பட்டியில் தனியார் கம்பெனிகளின் வளாகங்களுக்கு மட்டும் வேலை செய்துவந்திருக்கிறாய். பொதுப் பூங்கா ஒன்றைக்கூட இதுவரை செய்ததில்லை என்பதால் பொது வேலைகளுக்கான எந்த அழைப்பிலும் உன் பெயர் முதல் சுற்றைத் தாண்டவில்லை. இந்த ஒன்று கிடைத்தால் அடுத்தவற்றுக்குக் கதவு திறக்கும் என்று சென்ற அக்டோபர் 26ஆம் தேதி போனில் சொன்னாய். நீ சொன்ன சொற்களையே எழுதுகிறேன். "ஊருல இருக்கறவங்க நாலு பேரு சம்மதிச்சுட்டாங்க. ஊட்டுக்குள்ள இருக்கற ஒரு ஓட்டுக்குத்தான் இப்பக் கேட்டுட்டு நிக்கறனுங்கப்பா." அன்று நான் உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய் என்று அவள் சொன்னாள். கோபம் இல்லை. பேச்சில் நான் பாதி சொல்லும்போதே நீ மறுப்பாய், நீ பாதி மறுக்கும்போதே நான் திருத்துவேன். கடிதத்தில் அந்த இடைஞ்சல் இல்லை. இதை மறைவாகவும் எழுதவில்லை. குழுவில் யார் கேட்டாலும் நீ இதைப் படிக்கக் கொடுக்கலாம்.

வாக்களிக்காமல் ஒதுங்கிவிடும் யோசனையையும் ஆராய்ந்தேன். சங்கத் தலைவரே சென்ற வாரம் நடைப்பயிற்சியில் நிறுத்தி, "பையன் விசயமுங்க, நீங்க ஒதுங்கிக்கிட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார். ஒதுங்கினால் நான்குக்கு நான்கு என்று சமமாகும். சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்பது நம் சங்கத்தின் விதி. தலைவர் உன் பக்கம். ஆகவே நான் ஒதுங்குவது பார்வைக்குக் கண்ணியமாகவும், கணக்கில் உனக்கு ஆதரவாகவும் முடியும். நூற்பாலையின் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நூல் தேறுகிறதா இல்லையா என்று கையெழுத்திட வேண்டிய நாளில் விடுப்பு எடுப்பவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனாக எனக்கு விருப்பமில்லை.

நீ என் காரணத்தைத் தவறாக ஊகித்திருப்பாய் என்பதால்தான் இனி எழுதப்போவது நீள்கிறது. அப்பாவுக்கு நாட்டுச் செடிதான் செடி, வெளியூர்ப் புல் என்றால் களை. மகன் கொரியன் புல்லும் நரிவால் பனையும் வைக்கிறான், அதனால் எதிர்க்கிறார் என்று நினைத்திருப்பாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நீ அப்படி நினைத்திருந்தால் அது சரி. மருதமலை அடிவாரத்திலிருந்து பல்லடம் வரை ஒவ்வொரு ஞாயிறும் நடந்து, எந்தச் செடி எந்த மாதம் எந்த மண்ணில் பூக்கிறது என்று பார்த்துவந்தவன் நான். நகரத்தின் பூங்காக்களையும் விடவில்லை. குளக்கரைப் பூங்கா, சாலையோரப் பூங்கா, நினைவுத் தூணைச் சுற்றிய பூங்கா என்று எதற்குப் போனாலும் ஒரே பனை, ஒரே குரோட்டன்ஸ், ஒரே சிவப்பு இட்லிப்பூ வேலி. கண்ணைக் கட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றில் இறக்கிவிட்டால் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. கம்பிவேலிக்கு வெளியே, யாரும் வைக்காத இடத்தில், விஷ்ணுகிராந்தி நீலமாகத் தரையோடு தரையாகப் பூத்திருக்கும். நெருஞ்சியின் மஞ்சள் பூ வெயில் போகும் பக்கம் திரும்பியிருக்கும். உள்ளே இருப்பதற்குத் தோட்டக்காரர், வெளியே இருப்பதற்கு மண்வெட்டி என்று இந்த ஊர் நடத்துகிறதே என்று எனக்கு ஆற்றாமை இருந்தது உண்மை.

2023 நவம்பரில் நாம் இருவரும் பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் சாலையில் போனது உனக்கு நினைவிருக்கும். கிளுவை வேலி ஒன்றின் மேல் செங்காந்தள் ஏறி, நெருப்பு வைத்ததைப் போலப் பூத்திருந்தது. நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய் அரை மணி நேரம் நின்றேன். நீ கார்க் கண்ணாடியை இறக்கி, "பூவு அருமையாத்தான் இருக்குது. இதை வெச்சு யாருக்குங்கப்பா பில்லுப் போடறது?" என்றாய். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், இவனுக்குச் செடியைப் பார்க்கத் தெரியவில்லை என்றேன். அவள், "அவனுக்குச் செடி தெரியுது, உங்களுக்குத்தான் பில்லுத் தெரியலை" என்றாள். இருவரும் சொன்னது பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. நீ கேட்டது நியாயமான கேள்விதான். அந்தப் பூ யாருக்காக அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் உண்மையில் நீ கேட்டது.

அடுத்த ஆண்டு நம் ரிசர்வ் சைட்டில் ஜேசிபியை விட்டுச் சுத்தம் செய்யலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, நான் நாட்டுச் செடித் தோட்டம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்து வென்றேன். 2024 செப்டம்பர் 5, வியாழக்கிழமை கம்பிவேலி முடிந்தது. இரும்புக் கேட் வைத்தோம். காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை நாலரை முதல் ஆறரை வரை திறந்திருக்கும் என்று எழுதினோம். ஒவ்வொரு செடிக்கும் பெயர், வேறு பெயர், பூக்கும் மாதம் ஆகியவற்றைத் தகரத்தில் எழுதி நட்டேன். "உங்கப்பா பூவுக்கெல்லாம் ஆதார் கார்டு போட்டுட்டு இருக்கறாரு" என்று உன் அம்மா அப்போது உன்னிடம் சொல்லிச் சிரித்தாள். கேட்டின் மேல் பெரிய பலகையில் "பூக்களைப் பறிக்காதீர்" என்று நானே வாசகம் கொடுத்தேன். எழுத்தின் உயரத்தையும் நானே சொன்னேன். எந்தப் பூங்காவிலும் உள்ள பலகைதான். அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்கோ குழுவில் மற்ற எட்டுப் பேருக்கோ படவில்லை.

இந்த இடத்தில் உனக்குத் தெரிந்த ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நம் குடும்பம் பொங்கலுக்கு எப்போதும் கொடுமுடிக்கு, உன் அம்மாவின் ஊருக்குப் போய்விடும். போகிக்கு முதல் நாள் கிளம்பி, ஐந்து நாள் கழித்துத் திரும்புவோம். ஆகவே பொங்கல் நாட்களில் நம் லேஅவுட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒரு முறையும் கண்டதில்லை. இந்த ஆண்டுதான் உன் அம்மாவின் முழங்கால் வலியால் இங்கேயே தங்கினோம். 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை, தை 3. காலை ஒன்பதே கால் மணி. காய்கறி வாங்கித் திரும்பும் வழியில் ரிசர்வ் சைட் கேட்டுக்கு முன்னால் பெண்கள் கூட்டம் ஒன்று நிற்பதைக் கண்டேன். புதுச்சேலை, பலகாரம் நிறைந்த தூக்குப்போசி, கரும்புத்துண்டு, பெண் குழந்தைகளின் கையில் சின்னச் சின்னக் கூடை. எல்லாரும் நம் லேஅவுட்டுக்குப் பின்னால் உள்ள வீதிக்காரர்கள். இந்த நிலம் மானாவாரிக் காடாக இருந்தபோது அவர்களின் குடும்பங்கள் இங்கே கூலிவேலை செய்தன. இன்று ஒருத்தி லேப் டெக்னீசியன், ஒருத்தி கால்டாக்சி ஓட்டுகிறாள், ஒருத்தி பள்ளியில் கிளார்க். அன்று பூப்பறிக்கிற நோம்பி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இந்தப் பக்கத்துப் பெண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, கொண்டுபோன பலகாரத்தைப் பங்கிட்டுத் தின்று வருவார்கள் என்பது எனக்குச் சிறுவயது முதலே தெரியும். அவர்கள் வரும் காடு நான் பூட்டி வைத்திருக்கும் காடுதான் என்பது மட்டும் தெரியாது.

லேப் டெக்னீசியன் என்றேனே, அவள் பெயர் செல்வி. முன்னால் வந்து, "ஏனுங்கையா, சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது? தொறந்து உடுங்க, வெயிலு ஏறுது" என்றாள்.

"மாலை நாலரைக்குத்தான் திறக்கும், அம்மணி."

"பூவும் நாலரைக்குத்தான் பூக்குமுங்களா?"

பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். நான் பலகையைச் சுட்டிக்காட்டினேன். இது பாதுகாக்கப்படும் செடிகள் உள்ள தோட்டம், பார்க்கலாம், பறிக்க முடியாது, அரிய செடிகள் அழிந்துவிடக் கூடாது என்று விளக்கினேன். செல்வி பலகையைச் சத்தமாக ஒருமுறை படித்தாள்.

"பூப்பறிக்கற நோம்பிக்குப் பூப்பறிக்காதீங்கன்னு போர்டு வெச்சிருக்கறீங்க. பொங்கலன்னைக்குப் பொங்கல் வெக்காதீங்கன்னும் ஒண்ணு எழுதிப்போடுங்க, வேலை முடிஞ்சுது."

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். இன்றைக்கு ஒருவருக்கு விட்டால் நாளைக்கு ஊரே வரும்."

"ஊரே வர்றதுக்குத்தானுங்கையா நோம்பி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் திறக்கவில்லை. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. விதியை எழுதியவனே முதல் ஆண்டில் அதை மீறுவது முறையல்ல என்று உறுதியாக நினைத்தேன். அவர்களும் மேற்கொண்டு வாதாடவில்லை. கால்டாக்சி ஓட்டும் பெண் முச்சந்திப் பூக்கடைக்குப் போய்ச் செவ்வந்தி வாங்கிவந்தாள். அதைக் கூடைகளில் போட்டு நடுவில் வைத்து, கேட்டுக்கு வெளியே தார்ச்சாலையில் வட்டமாக நின்று கும்மியடித்தார்கள். ஒரு ஸ்கூட்டர் வந்தால் விலகி, போனதும் மீண்டும் சேர்ந்து. கம்பிக்கு உள்ளே ஆவாரை பூத்து நின்றது. நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் கரீம் பாய் எதிர்வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நம் குழு உறுப்பினர்தான். என்னிடம் வந்து, "சட்டப்படி நீங்க செஞ்சது சரிதானுங்க. கோட்டைமேட்டுக் கடையில நானும் சரக்கையெல்லாம் கண்ணாடிக்குள்ளதான் வெச்சிருக்கறேன்" என்றார். நான் தலையசைத்தேன். "ஆனா, விக்கறதுக்குங்க" என்று முடித்துவிட்டு உள்ளே போனார்.

இதனால் என் மனம் அன்றே மாறிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். மாறவில்லை. ஓர் ஆண்டு பூப்பறிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, செடிக்கு நல்லது என்றே பல மாதங்கள் இருந்தேன். ஆனால் செடிக்கும் அப்படி ஒன்றும் நல்லது நடக்கவில்லை. முன்பு கிளை நுனிகளை ஒடித்துப் பறித்ததால் பக்கக்கிளை விட்டு இடுப்பளவில் அடர்ந்திருந்த ஆவாரை, இப்போது ஆளுயரத்துக்கு நெடுநெடுவென்று வளர்ந்து உச்சியில் மட்டும் பூக்கிறது. கீழெல்லாம் காய்ந்த நெற்று. ஆடுகள் வராததால் புல்லும் பார்த்தீனியமும் உயர்ந்துவிட்டன. அவற்றின் நிழலில் விஷ்ணுகிராந்தி இல்லை. தும்பை பாதிகூட இல்லை. தகரத்தில் நான் எழுதிய பெயர்ப்பலகை நிற்கிறது, அதன் கீழே அந்தச் செடி இல்லை என்பது இப்போது ஆறு இடங்களில் உண்மை. மழை குறைவு, பூச்சி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஒரே ஆண்டின் அனுபவத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்லக் கூடாது என்பதால், இதைக் காரணம் என்று எழுதாமல் கண்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்கிழமை, உன்னிடம் சொல்லாமல் சரவணம்பட்டிக்குப் போனேன். நீ செய்த தோட்டத்தைக் குறை காணத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெரிய கம்பெனி வளாகத்தின் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் உன் புல்வெளி இருந்தது. குறை கிடைக்கவில்லை. ஓரக்கோடு நூல் பிடித்ததுபோல இருந்தது. மழைநீர் எங்கும் தேங்கவில்லை. சரக்கொன்றை மூன்றை மேற்கு வெயில் தடுக்கும் இடத்தில் வைத்திருந்தாய், அந்த இடம் சரியான தேர்வு. ஓரமாக நின்று பார்த்தவன், மண் எப்படி இறுகியிருக்கிறது என்று அறியப் புல்லில் ஓரடி வைத்தேன். உடனே காவலாளி விசில் ஊதினார். "ஐயா, புல்லுல கால் வெக்கக் கூடாதுங்க. போர்டு பாருங்க" என்றார். பார்த்தேன். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. என் பலகையின் அளவு, ஏறத்தாழ அதே வாசகம். மதிய உணவு நேரம். உன் வயதுப் பிள்ளைகள் நூறு பேர் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் புல்லைச் சுற்றி உள்ள சிமென்ட் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட உள்ளே இல்லை. பேருந்தில் திரும்பும்போது நான் எண்ணியது இவ்வளவுதான். உன் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் செடியில்தான் வேறுபாடு. வந்தவர்களை நடத்தும் விதத்தில் வேறுபாடே இல்லை. ஆகையால் நாட்டுச் செடி நல்லது, வெளிச் செடி கெட்டது என்ற என் பழைய வாதத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அந்த வாதத்தை வைத்து உனக்கு எதிராக வாக்களிக்கவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

அக்டோபரில் உன் திட்டம் வந்தது. அதை நான்கு முறை படித்தேன். சுற்றுப்பாதை, விளக்கு, நீரூற்று, குழந்தைகள் சறுக்கு எல்லாம் முறையாக வரையப்பட்டிருந்தன. புல்வெளியின் நடுவில் "பார்வைக்கு மட்டும்" என்று சிறிய எழுத்தில் நீ குறித்திருந்ததையும் கண்டேன். ஆவாரை நிற்கும் பகுதி முழுவதும் அந்தக் கோட்டுக்குள் வருகிறது. அப்போதும் நான் முடிவெடுக்கவில்லை. முடிவு நவம்பர் 3, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஏற்பட்டது. என் இடக்கண் புரை அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்கள் அல்லவா? வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க லேபிலிருந்து அனுப்பப்பட்டவள் செல்வி. கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபடி, "பயந்துக்காதீங்கையா, கேட்டுச் சமாச்சாரத்துக்கெல்லாம் ஊசியில கணக்குத் தீக்க மாட்டேன்" என்றாள். உன் அம்மா சமையலறையிலிருந்து, "தீத்துப்போடு கண்ணு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள். "வர்ற தை நோம்பிக்கு எங்க போறதுன்னு எங்க வீதியில கேட்டுட்டு இருக்கறாங்க. கேட்டுத் தொறக்குமுங்களா, இல்லை அதுக்குள்ள புல்லு வந்துருமுங்களா?"

வாக்கெடுப்பு முடியவில்லை என்றேன். புல் வந்தால் உங்களுக்கு என்ன குறை என்றும் கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்டேன்.

"ஒரு குறையுமில்லீங்க. கும்மியடிச்சாக் காலு நோவாது. பூவுக்குத்தான் வேற ஊருக்குப் போவோணும். சுத்தி எல்லாம் சைட்டுப் போட்டாச்சு, அது ஒண்ணுதான் மிச்சம். எம்புள்ளைக்கு ஆவாரம்பூன்னா டீப் பாக்கெட்டு மேல இருக்கற படமுங்க. போன நோம்பிக்குத்தான் நேருல காட்டலாம்னு கூட்டியாந்தேன். கம்பி வழியாப் பாத்துட்டு, தொட்டா ஷாக் அடிக்குமான்னு கேட்டுச்சுங்க."

அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குப்பிகளைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று போய்விட்டாள். அவள் என்னிடம் எதையும் கோரவில்லை. பரிந்து பேசவும் இல்லை. ஆனால் எனக்குக் கேள்வி தெளிவாகிவிட்டது. இந்த நிலத்தின் மேல் இன்றைக்கு உரிமை பேசும் மூவரில், நீ இதை வைத்து ஒரு தொழிலைத் தொடங்க விரும்புகிறாய், நான் இதை வைத்து ஒரு கொள்கையைக் காட்ட விரும்பினேன். அந்தப் பெண்களுக்கு மட்டும்தான் இந்தச் செடியோடு செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது. உன் தொழிலுக்கு வேறு நிலம் கிடைக்கும். என் கொள்கைக்கு நிலமே தேவையில்லை. அவர்களின் பூவுக்கு நடந்துபோகும் தூரத்தில் இது ஒன்றுதான் மிச்சம்.

நீ மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், 1999 மே மாதம், கொடுமுடிக் கோயிலில் வன்னி மரத்தடியில் நின்றோம். அது வறண்ட நிலத்து மரம், எப்படிக் காவிரிக் கரையில் இவ்வளவு காலம் நின்றது என்று நான் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ கீழே விழுந்து கிடந்த இலைக்கொத்தை எடுத்து வாயில் போட்டு மென்று, "துவர்ப்புங்கப்பா" என்று முகத்தைச் சுளித்தாய். கோயிலில் இப்படியா என்று அதட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மரத்தின் பெயரை நீ மறந்திருந்தாய். நான் சொன்ன விளக்கமும் உனக்கு நினைவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்துச் சரவணம்பட்டியில் ஏதோ ஒரு சாலையோரத்தில் ஒரு வன்னிக்கன்றைக் கண்டு, இலையை மென்று பார்த்து, அதே மரம்தான் என்று எனக்குப் போன் செய்தாய். தொழிலில் உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை அதிகம் இல்லை, இருப்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். எந்த இடத்துக்குத் திட்டம் வரைவதாக இருந்தாலும் அளவு எடுக்கும் நாளோடு நிறுத்திவிடாதே. அந்த ஊர் நோம்பி நாளில் ஒருமுறை போய் உட்கார். காலையில் யார் வருகிறார்கள், எதை ஒடிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து தின்கிறார்கள் என்று பார். அதற்கு யாரும் பில் தர மாட்டார்கள். பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் இருவரின் தோட்டங்களும் சான்று.

இனி நடைமுறை. உன் திட்டத்தை மறுத்துவிட்டு என் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொள்வது நேர்மையாகாது. ஆகவே உன் திட்டத்தின் மேல் வாக்கெடுப்பு முடிந்தபின் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். கேட்டின் பூட்டு எடுக்கப்பட வேண்டும், பலகை எடுக்கப்பட வேண்டும், மேற்குப் பக்கத்துக் கம்பிவேலி பிரிக்கப்பட வேண்டும், பூப்பறிக்கத் தடை இல்லை. மேய்ச்சலுக்கு ஆடு விடலாமா என்பதில் எனக்கே இரண்டு மனம் என்பதால் அதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. கரீம் பாய் வழிமொழிகிறேன் என்றார். "பூட்டு எடுத்தாச்சுன்னா மொத நாளு நான்தானுங்க பறிப்பேன், எனக்குக் கடைக்கு வேணும்" என்றும் சொன்னார். அது விளையாட்டா என்று தெரியவில்லை. கடைக்காகப் பறிக்கலாமா என்று அவரோடு நான் தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கும். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் அங்கே எந்த நிறுவனத்துக்கும் பெரிய வேலை எதுவும் இருக்காது. உனக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்கு வருத்தம் இருக்கும். நீ வருத்தப்படக் கூடாது என்று கேட்க எனக்கு உரிமையில்லை. தீபாவளிக்கு வாங்கிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தத் திட்டத்தைக் கொடுக்க நீ சங்க அலுவலகத்துக்குப் போனதாக உன் அம்மா சொன்னாள். அதை அறிந்தபின்னும் என் வாக்கு இதுதான்.

15ஆம் தேதி சனிக்கிழமை அறுவை என்பதால் 16ஆம் தேதிக் கூட்டத்துக்கு நான் போக இயலாது. வர முடியாத உறுப்பினர் தம் வாக்கை உறையில் இட்டுக் குடும்பத்தினர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று விதி இருக்கிறது. உன் அம்மாவால் சங்க அலுவலகத்தின் மாடிப்படி ஏற முடியாது. கரீம் பாய் தாம் எடுத்துப்போவதாகச் சொன்னார், குடும்பத்தினர் அல்ல என்பதால் மறுத்துவிட்டேன். உறுப்பினர் கையிலேயே கொடுத்தால் என்ன, யாரும் கேட்க மாட்டார்களே என்றார். யாரும் கேட்க மாட்டார்கள்தான். வெள்ளிக்கிழமை மாலை நீ இங்கே வந்து தங்குவாய் அல்லவா, அப்போது உன் அம்மா இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பாள். நான் அப்போது அடுத்த அறையில்தான் இருப்பேன். படித்தவுடன் வந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசினால் கேட்டுக்கொள்வேன், நடுவில் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

இத்துடன் இணைத்திருப்பவை:

1. குழுவுக்கு நான் எழுதிய தீர்மானத்தின் நகல், ஒரு பக்கம்.

2. உன் பூங்காத் திட்டத்தின் வரைபடம், என் பென்சில் குறிப்புகளுடன். வடகிழக்கு மூலையில் வடிகால் சரிவு தலைகீழாக இருக்கிறது. வேறு இடத்துக்கு இதைக் கொடுக்கும் முன் அதைச் சரிசெய். மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன.

3. மருத்துவமனைச் சீட்டு. சனிக்கிழமை காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஏழரை என்றால் ஏழரை.

4. என் வாக்குச் சீட்டு, கையொப்பமிட்டது. உறையை ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எடுத்துப்போகும்போது நீயே ஒட்டிக்கொள்.